பட்டி பார்த்த வீடு

பரஞ்சோதி ஐயாவுக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நரைத்திருந்தது. தில்லைநாயகத்துக்கோ நரைப்பதற்குக்கூட அதிகம் மிச்சமில்லை. மன்னார்குடிக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், தாத்தா ஆகப் போகிறவர். தன்னைவிட எவ்வளவோ சின்னவரான ஒரு மனிதரின் காலடியில் சாயங்காலம்தோறும் போய் உட்காருவதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. பெருமைதான் இருந்தது. அதை ஊருக்கெல்லாம் சொல்லவும் சொன்னார்.

பாடம் ஐயாவின் வீட்டு முன்கூடத்தில் நடக்கும். ஐயா ஒரு பலா மணையில் உட்காருவார். அவர் தலைக்கு நேர் மேலே, காங்கிரீட் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி. ஐயா கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குத் தூளி கட்டியது அந்தக் கொக்கியில்தான். நாயகம் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஐயா முகத்தைச் சுளிப்பார். நாயகம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வார்.

ஐயாவுக்கு நாயகம் செய்துவந்த தொண்டு இரண்டு வகை. வருஷா வருஷம் குருபூஜைக்கு முன்னால், ஐயா வெளியூர் போகும் சமயமாகப் பார்த்து, கூடத்துக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவார். பெயிண்ட் அடிக்கும் முன் சுவரிலும் கூரையிலும் உள்ள வெடிப்பு, பள்ளம், கறை எல்லாவற்றையும் வெள்ளைப் பசை வைத்து இழைத்து மூடுவதற்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். நடுவில் மழை பெய்து கூரையில் ஈரம் படர்ந்தாலும், ஐயா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும். ஐயாவின் மனசு போயும் போயும் ஒரு கூரையில் போய் நிற்கலாமா என்பது நாயகத்தின் கவலை.

இன்னொரு தொண்டு வாயால் செய்தது. ஐயா அசந்து தூங்கிப் பாடத்துக்கு வராமல் போனால், "நிஷ்டையில இருக்காங்க" என்பார். நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால், "அதுல ஒரு உள்ளர்த்தம் இருக்கு" என்பார். ஒரு நாள் முத்தரசி டீச்சர் ஏதோ சந்தேகம் கேட்க, ஐயா எல்லோர் முன்னாலும் சுள்ளென்று விழுந்துவிட்டார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதோடு சரி, பிறகு வரவே இல்லை. நாயகம் அதையும் விட்டுவைக்கவில்லை. "ஐயா அவங்க பக்குவத்தைச் சோதிச்சாங்க" என்று வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னார்.

இப்படியிருக்க, வீட்டை விற்கவேண்டிய நிலை ஐயாவுக்கு வந்தது. நாக்பூரில் இருக்கும் தங்கை தன் பங்கைக் கேட்டிருந்தாள். காதில் விழுந்ததும் நாயகம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அவர் குடியிருந்தது வாடகை வீடு. மகள் மதிவதனி தலைப்பிரசவத்துக்கு வரவேண்டிய மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் ஐயா வாழ்ந்த வீட்டில் இருப்பதென்றால் அதைவிட வேறென்ன வேண்டும். வேறு யார் கண்ணும் படுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவருக்குப் பரபரத்தது.

"வர்ற மாசமே பத்திரம் பண்ணிடலாம் ஐயா."

"வீட்டைப் பாத்துட்டீங்களா?"

"தினமும் பாக்குறேனே."

"அது சரி. யாரை வச்சுப் பாத்தீங்க?"

"வாஸ்து பாத்தாச்சு. ஜோசியர் நாள் பாத்துட்டாரு. வக்கீல் பத்திரத்தைப் பாத்துட்டு ஒரு வில்லங்கமும் இல்லைன்னுட்டாரு."

"கூரையைப் பாத்தது யாரு?"

நாயகத்துக்கு விளங்கவில்லை. வேடிக்கைக்குச் சொல்கிறார் போலும் என்று சிரித்து வைத்தார். ஐயா சிரிக்கவில்லை.

"வீடு வாங்குறதுக்கு முன்னாடி சோதிச்சுச் சொல்றதுக்குன்னே திருச்சியில இன்ஜினீயர் இருக்காங்க. கூரை, சுவர், வயரிங், தண்ணிக் குழாய் எல்லாத்தையும் பாப்பாங்களாம். வரச் சொல்லுங்க."

"இந்த வீட்டையா? நீங்க இருக்கிற வீட்டையா?"

"விக்கிறவன் நான். வாங்குறவர் நீங்க. கூப்பிட வேண்டியவரும் நீங்கதான்."

"உங்களுக்குத் தெரியாத வீடா ஐயா?"

"நான் இதுல பொறந்தவன். பொறந்த வீட்டை யாரு நிமிர்ந்து பாக்குறா?"

நாயகத்துக்கு மனசு ஆறவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. நம்புறவன் சோதிச்சுப் பாக்கலாமா?"



"அந்த இன்ஜினீயர் வந்துட்டுப் போகட்டும். சொல்றேன்."

அன்றைக்கு நாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலைப் போய் யாராவது சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களா என்று மனைவி கோமளவல்லியிடம் பொருமித் தீர்த்தார். அவளுக்கு அவ்வளவு நெகிழ்ச்சியெல்லாம் கிடையாது.

"ஐயாவே சொல்றாங்கல்ல. கூப்பிட்டுத் தொலைங்களேன். பிள்ளை இருக்கப் போற இடம்."

போன வாரம் அவளும் போய் வீட்டைப் பார்த்திருந்தாள். அவளுக்குப் பிடித்தது அந்தக் கொக்கிதான். ஏணி வைத்து ஏறி, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "யானையையே கட்டலாம் போலிருக்கே" என்றாள். அப்போது கொஞ்சம் தூசி உதிர்ந்து அவள் கண்ணில் விழுந்தது. "ஒட்டடை" என்றார் நாயகம். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, தூளிக்கு எந்தச் சேலை என்பதைக்கூட அங்கேயே முடிவு செய்துவிட்டாள். தன் தலைப்பிரசவத்துக்கு அம்மா எடுத்துத் தந்த சின்னாளப்பட்டிச் சேலை. நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது.

நாயகம் போன் செய்ததில் திருச்சியிலிருந்து ஒரு பெண் இன்ஜினீயர் வருவதாக ஏற்பாடானது. அவள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஐயா திருவாரூர் போயிருந்தார். சாவி எப்போதும்போல் நாயகத்திடம் இருந்தது. ஒரு தடவை கூட்டிப் பெருக்கி வைப்போம் என்று போனவர், கூடத்தில் நிமிர்ந்து பார்த்தார். கொக்கியைச் சுற்றிப் புதிதாக ஒரு வெடிப்பு. கொக்கியிலிருந்து கிளம்பிச் சுவர்ப்பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓடியிருந்தது. பக்கத்தில் தேநீர் சிந்தியதுபோல ஒரு கறை.

அவருக்குப் பயம் வரவில்லை. அவமானம்தான் வந்தது. யாரோ ஓர் அயலூர்ப் பெண் வந்து நின்று, ஐயாவின் தலைக்கு மேலே விரலை நீட்டி, இது என்ன என்று கேட்பாள். ஐயா பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய்ப் பட்டி மாவும் தகடும் எடுத்துவந்தார். பழகிய கை. வெடிப்பு இருந்த சுவடே தெரியாமல் இழைத்து, மேலே ஒரு கை வெள்ளையும் அடித்துவிட்டு இறங்கினார். தூர நின்று பார்த்தபோது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

விற்கிறவன் குறையை மூடி மறைப்பது எங்கேயும் நடப்பது. வாங்கப் போகிறவனே ஏணி போட்டு ஏறி மூடி மறைத்தது இந்த ஒரு வீட்டில்தான் நடந்திருக்கும்.

மறுநாள் காலையில், திருவாரூரிலிருந்து திரும்பியிருந்த ஐயாவோடு நாயகமும் கோமளவல்லியும் காத்திருக்க, இன்ஜினீயர் வந்தாள். பெயர் பெனிட்டா. ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி வேறொரு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். வாங்க, உட்காருங்க, காபி என்று எதற்கும் பிடி கொடுக்கவில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் போகிற வழியைப் பார்த்தாள். சுவரில் ஒரு சின்னக் கருவியை வைத்து ஈரம் பார்த்தாள். வயரிங் பழசு என்றாள். ஐயா தலையை ஆட்டினார். நாயகம் ஒவ்வொரு சொல்லுக்கும் தன்னைத் திட்டியதுபோலச் சுருங்கினார்.

கடைசியாகக் கூடத்துக்கு வந்தாள். டார்ச்சைக் கூரையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தாள். வெளிச்சம் ஓடி வந்து கொக்கியருகே நின்றது. ஏணியைக் கேட்டு வாங்கி ஏறினாள். விரலால் தடவினாள். விரல் வெள்ளையாக வந்தது.

"இது நேத்துப் பூசினது."

அவள் ஏணியில் நின்றபடியே ஐயாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், நீங்கதானே ஓனர்?"

"ஆமாம்மா."

"விக்கிற நேரத்துல இப்படி மூடிவைக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன். சாமி படம் மாட்டியிருக்கிற வீட்டுலயும் பாத்திருக்கேன்."

ஐயா கூரையைப் பார்த்தார். அந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு நாயகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கோமளவல்லியும் ஐயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் சந்தேகம் இருந்தது. நாயகம் இத்தனை காலம் கையெடுத்துக் கும்பிட்ட முகத்தை அவர் பெண்டாட்டி ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நாயகத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா பூசினேன்."

பெனிட்டாவுக்குப் புரியவில்லை. "நீங்க வாங்குறவர் இல்லையா?"

"ஆமா."

"எதுக்கு?"

கோமளவல்லி இப்போது புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் திகைப்புதான்.

"எல்லாரும் வாசப்படிக்குப் போயிடுங்க" என்றாள் பெனிட்டா. அவளும் இறங்கி ஏணியை நகர்த்தினாள். பையிலிருந்து நீளக் கம்பி ஒன்றை எடுத்து நீட்டி மாட்டினாள். அதன் முனையில் சின்ன இரும்பு உருண்டை. சுவரோரம் நின்றுகொண்டு கூரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். முதலில் கிண் கிண் என்று கேட்டது. கொக்கியை நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. பொத், பொத்.

டின்னை விரலால் சுண்டியே உள்ளே பெயிண்ட் இருக்கிறதா காலியா என்று சொல்லிவிடுகிறவர் நாயகம். அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"இந்தக் கொக்கியில ஏதாவது மாட்டுறதா இருக்கீங்களா?"

"தூளி" என்றாள் கோமளவல்லி. "பேரப்பிள்ளைக்கு."

பெனிட்டா கம்பியின் முனையைக் கொக்கிக்குள் கொடுத்தாள். வாசப்படிவரை பின்னால் வந்து நின்றுகொண்டு இழுத்தாள். ரொம்ப ஒன்றும் பலமாக இழுக்கவில்லை. கைக்குழந்தையின் கனம்தான் இருக்கும்.

கொக்கி வந்தது. கொக்கியோடு கூரையும் வந்தது. ஒரு கட்டில் அகலத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து மணைமேல் விழுந்தது. வீடே அதிர்ந்தது. புழுதி கிளம்பி யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. தெருவில் யாரோ என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

புழுதி அடங்கியபோது மணை இரண்டாகக் கிடந்தது. முந்தாநாள் சாயங்காலம் ஐயா அதில்தான் உட்கார்ந்து பேசினார். மேலே கூரையில் கம்பிகள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. துரு தின்றது போக நூலாய் நின்றன.

கோமளவல்லி அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளையை இதுலதானே போட்டிருப்பேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நாயகம் அவள் தோளைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

ஐயாவும் ஆடித்தான் போயிருந்தார். சுவரில் சாய்ந்து நின்றார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் பார்த்தார். பாதி சட்டையில் கொட்டியது. நிஷ்டை, உள்ளர்த்தம் என்று எதுவும் அதற்குச் சொல்ல நாயகத்துக்குத் தோன்றவில்லை. பயந்துபோன ஒரு மனிதர் தண்ணீர் குடிக்கிறார், அவ்வளவுதான்.

பெனிட்டா விழுந்ததில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் வரி வரியாக நிறங்கள் தெரிந்தன. வெளிர்பச்சை, அதற்கு மேல் பட்டி, சந்தனம், அதற்கு மேல் பட்டி, ரோஸ், மறுபடி பட்டி, கடைசியில் வெள்ளை. விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. நாயகத்துக்கு ஒவ்வொரு நிறமும் தெரியும். எந்தக் குருபூஜைக்கு எந்த நிறம் என்பதுகூடத் தெரியும். எல்லாம் அவர் கடைச் சரக்கு.

"மழைத் தண்ணி ரொம்ப வருஷமா இறங்கியிருக்கு" என்றாள் பெனிட்டா. "மொதல் கறை தெரிஞ்சப்பவே மாடியைச் சரி பண்ணியிருந்தா, சின்ன வேலையோட போயிருக்கும். யாரோ ஒவ்வொரு தடவையும் அழகா மூடி மூடி வச்சிருக்காங்க. வெளியில தெரியாம உள்ள அது பாட்டுக்குத் தின்னுருக்கு."

நாயகம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இந்தக் கூடத்துல இனிமே யாரும் உக்காரக் கூடாது. கூரையை இறக்கிட்டு வேற போடணும். விவரமா எழுதி அனுப்புறேன்." அவள் ஹெல்மெட்டை மாற்றிக்கொண்டாள். போகும்போது கோமளவல்லியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். "ஒண்ணும் ஆகலையேம்மா. எந்திரிங்க." அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுத் தெருவரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஐயாவும் நாயகமும் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். மேலே வெறும் வானம். அதைக்கூட நாயகம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"பத்திரம் வேண்டாம்" என்றார் ஐயா. "கூரையை இறக்கி வேற போடுறேன். அந்தப் பொண்ணே மறுபடி வந்து தட்டிப் பாக்கட்டும். அதுக்கப்புறம் வேணுமா வேண்டாமான்னு உங்க வீட்டம்மா சொல்லட்டும்."

"தங்கச்சிக்கு என்ன சொல்வீங்க?"

"கூரை விழுந்துடுச்சுன்னு சொல்வேன்."



"உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் ஐயா செஞ்சேன்."

"தெரியும்."

"உங்க தலையில விழுந்திருந்தா?"

"விழுந்திருக்கும்."

"அந்தப் பொண்ணு உங்களைப் போய் அப்படிக் கேட்டுச்சே. நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என் வீடு. நான் நிமிர்ந்து பாக்கல. அதுல இல்லைன்னு சொல்ல என்ன இருக்கு?"

கூடத்தில் இன்னும் ஏதோ துகள் உதிர்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் நாயகம் திரும்பிப் பார்த்தார்.

"முத்தரசி டீச்சர் ஏன் இப்பல்லாம் வர்றதில்லை?" என்று கேட்டார் ஐயா.

எதற்கு எதைக் கேட்கிறார் என்று நாயகம் விழித்தார். ஆனால் பழகிய நாக்கு அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"அவங்க பக்குவம் அவ்வளவுதான் ஐயா. நீங்க சோதிச்சீங்க, அவங்களால தாக்குப்பிடிக்க முடியல."

"அன்னைக்கு எனக்குப் பல்லுவலி. அந்த எரிச்சல்ல கத்திட்டேன்."



ஐயா நாயகத்தின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பினார். நகக்கண்ணில் நேற்றைய பட்டி காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் விரலால் மெல்லச் சுரண்டினார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, நாயகம். நம்புறவன் சோதிச்சுப் பாக்கலாமான்னு."

"ஆமா ஐயா."

"வீட்டுக்கு மட்டுமா பட்டி பாத்தீங்க?"